இன்ஸ்ப்ரூக்கில் தங்கிப் பாறை ஏற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகரான இன்ஸ்ப்ரூக்கில் அறை எடுத்து, ஒரு வாரம் பத்து நாள் சுற்றுவட்டாரப் பாறைகளில் ஏறத் திட்டமிடுபவர்களுக்காக எழுதியது. உள்ளரங்கச் சுவரில் லீட் (கயிற்றைக் கீழிருந்து கொண்டுபோய் வழியில் மாட்டியபடி) ஏறிப் பழகியவர்கள், பிலே செய்ய (ஏறுபவரின் கயிற்றைக் கீழே நின்று பிடித்துக் காக்க) தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொண்டே பதில்கள் தரப்பட்டுள்ளன. இதைப் படித்துவிட்டு முதல்முறையாகக் கயிறு கட்டக் கிளம்ப வேண்டாம்.

எத்தனையோ மலை ஊர்கள் இருக்க, ஏன் இன்ஸ்ப்ரூக்?

ஊர் 574 மீட்டர் உயரத்தில், இன் நதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வடக்கே நோர்ட்கெட்டே மலைத்தொடர் தெருமுனையிலிருந்தே எழுகிறது. ஊருக்குள்ளிருந்து மலை ஏறும் ரயிலும் அதன்பின் இரண்டு ரோப் காரும் மாறினால் சுமார் 2,260 மீட்டரில் ஹாஃபெலேகார் நிலையத்தில் நிற்கலாம். மேற்கே பேருந்து தூரத்தில் வெயில் பார்த்த சுண்ணாம்புப் பாறை. கிழக்கே ட்சில்லர்டால் பள்ளத்தாக்கில் கிரானைட்டும் நைஸும் (கிரானைட் போன்ற, வரிவரியான பாறை). தென்மேற்கே ஓட்ஸ்டாலில் நைஸ்.

பாறைகளின் எண்ணிக்கையை விட இந்த வகைதொகைதான் முக்கியம். ஒரு பக்கம் சுட்டால் இன்னொரு பக்கம் நிழல். ஒரு பள்ளத்தாக்கில் மழை என்றால் இன்னொன்றில் பல நாள் காய்ந்திருக்கும். ஆகவே ஊரிலிருந்து கிளம்பும்போதே "திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே" என்று அட்டவணை போடாதீர்கள். நாளைக்கு எந்தப் பாறை என்பதை இன்று இரவு வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த ஊரில் தங்குவதன் முழுப் பலனும் அதில்தான் இருக்கிறது.

எந்த மாதம் போகலாம்?

எல்லா உயரத்திலும் ஏற வேண்டும் என்றால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. தாழ்வான, தெற்கு பார்த்த பாறைகள் மட்டும் போதும் என்றால் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபரிலும் அருமையாக இருக்கும். குளிர்காலத்தில்கூட வெயில் அடிக்கும் நாளில் மார்ட்டின்ஸ்வாண்டில் ஆட்கள் ஏறுவார்கள். எங்களைக் கேட்டால் செப்டம்பர்: இடிமழை குறைந்திருக்கும், கிரானைட் பிடிமானம் நன்றாக இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் வடிந்திருக்கும்.

வசந்தத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே பனி உருகும்போது அந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகள் வழியே கசிந்து வரும். வானம் வாரக்கணக்கில் தெளிவாக இருந்தாலும், வெளியே துருத்திய பாறையில் நடுவழியில் ஒரு பிடி மட்டும் ஈரமாக இருக்கும்.

ஃப்யோன் காற்று என்கிறார்களே, அது என்ன?

தெற்கே ஆல்ப்ஸ் முகட்டைத் தாண்டி, பிரென்னர் கணவாய் வழியாக இன்ஸ்ப்ரூக் மேல் இறங்கும் காற்று. இறங்க இறங்க அழுத்தம் கூடுவதால் சூடாகி, காய்ந்த காற்றாக வந்து சேரும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம். ஈரப்பாறையை வேகமாக உலர்த்தும் என்பது நல்ல செய்தி. ஆனால் வேகம் கூடினால் ரோப் கார் நிற்கும், மேலே தளர்ந்த கற்கள் விழும், கீழே வீசிய கயிறு பக்கவாட்டில் பறந்து எங்காவது சிக்கும். ஃப்யோன் ஓய்ந்தால் பெரும்பாலும் குளிர்முகம் (குளிர்காற்றின் முன்னணி) உடனே நுழையும். காலையில் டி-ஷர்ட், மாலையில் மழை என்று மாறிவிடும். "இன்று ஃப்யோன் முறியும்" என்று முன்னறிவிப்பு சொன்னால் நீண்ட வழிகளைத் தொடாதீர்கள்.

முதல் இரண்டு நாள் எங்கே தொடங்குவது?

மார்ட்டின்ஸ்வாண்ட். நகருக்கு மேற்கே, ட்சிர்ல் ஊருக்குப் போகும் வழியில் நிற்கும் பெரிய சுண்ணாம்புச் சுவர். 1484இல், பின்னாளில் பேரரசரான மாக்சிமிலியன் வேட்டைக்குப் போய் இந்தச் சுவரில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டார் என்று கதை சொல்வார்கள். அவர் பெயர் கொண்ட குகை இன்றும் சுவரில் தெரிகிறது.

அடிவாரத்தில் ஒரு கயிறு நீள வழிகள் ஏராளம். போல்ட்கள் (கயிறு மாட்டப் பாறையில் அடித்த ஆணிகள்) நல்ல நிலையில் இருக்கின்றன, நடையும் குறைவு. குறை என்னவென்றால், பல பத்தாண்டுகளாக ஏறி ஏறி எளிய வழிகளில் கால் வைக்கும் இடங்கள் வழவழவென்று மெருகேறிவிட்டன. கோயில் படிக்கட்டின் நடுப்பகுதி மாதிரி பளபளக்கும். அதனால் கடினத்தைக் குறிக்கும் கிரேடில் 5சி என்று இருப்பது காலில் 6ஏ போலத் தோன்றும். முதல் நாள் உங்கள் வழக்கமான கிரேடிலிருந்து இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். மெருகேறிய இடத்தில் கால்விரல் நுனியைக் குத்தி நிற்பதைவிட, குதிகாலைத் தாழ்த்தி ரப்பர் முழுவதும் படும்படி அழுத்துவதுதான் பிடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் நடுப்பகலில் இங்கே போவது வீண்: தெற்கு வெயில் நேராக அடிக்கும், விரல் வியர்க்கும், ரப்பர் இளகி வழுக்கும். கோடையில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள்.

ஊரை விட்டு நகரவே நேரமில்லை என்றால் ஹோட்டிங்கர் பழைய கல்குவாரி இருக்கிறது. இன்ஸ்ப்ரூக் பழைய நகரத்தின் கட்டடங்களில் தெரியும், உடைந்த கற்கள் பதித்தது போன்ற பிரெக்சியாக் கல் இந்த மலைச்சரிவில்தான் வெட்டப்பட்டது. அரை நாளுக்குப் போதும்.

கிரானைட் ஏற எங்கே போவது?

ட்சில்லர்டால். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து யென்பாக் வரை ரயில், அங்கிருந்து குறுகிய பாதை ரயிலில் மைர்ஹோஃபன் வரை ஏறக்குறைய 55 நிமிடம், பிறகு கின்ட்ஸ்லிங் பேருந்து. அந்தச் சாலையோரக் காட்டில் இருக்கிறது ஏவிகே யாக்ட்க்ரூண்டே. பெயருக்கு 'நித்திய வேட்டைக்காடு' என்று பொருள். பெரிய பெரிய நைஸ் பாறைத் துண்டுகள், செங்குத்து விளிம்புகள், பிளவுகள், கைப்பிடியே இல்லாத சரிவுகள்.

சுண்ணாம்பில் பழகியவர்களுக்கு இங்கே முதல் நாள் தலைகீழாக இருக்கும். பிடியைத் தேடாதீர்கள், உராய்வை நம்பி, இடுப்பைப் பாறையிலிருந்து சற்று விலக்கி, எடை முழுவதையும் பாதத்தில் இறக்குங்கள். பயந்து பாறையை அணைத்தால் பாதம் வழுக்கும். பிளவு வழிகளில் போல்ட் தூரமாக இருக்கலாம் அல்லது இல்லாமலே போகலாம், ஆகவே டோப்போவில் (பாறையின் வழி வரைபடத்தில்) பார்த்துவிட்டு, பிளவில் செருகும் நட், கேம் கருவிகளைக் கொண்டு போங்கள். விரல் மூட்டுகளில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்; இந்தக் கல் தோலை உரிக்கும்.

மழைக்குப் பிறகு திறந்தவெளிச் சரிவுகள் வெயிலில் சீக்கிரம் காயும். காட்டுக்குள் இருக்கும் பாறைகள் அப்படியல்ல, பாசியோடு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஓட்ஸ்டால்?

குடும்பத்தோடு வருபவர்களுக்கு நல்ல பள்ளத்தாக்கு. ரயிலில் ஓட்ஸ்டால் நிலையம், பிறகு பேருந்து. தும்பென் அருகே உள்ள ஏங்கெல்ஸ்வாண்ட், லெங்கன்ஃபெல்ட் ஊரைச் சுற்றிய பாறைகள் இரண்டும் சாலையிலிருந்து கொஞ்ச நடைதான்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். இரண்டு இரவாவது தங்கினால் தங்குமிடத்திலேயே வெல்கம் கார்டு இலவசமாகத் தருவார்கள்; அதைக் காட்டி நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பேருந்தில் போகலாம். அது எந்த எல்லை வரை செல்லும் என்று வரவேற்பறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ட்சில்லர்டாலுக்குத் தனி டிக்கெட் வேண்டும். பள்ளத்தாக்குகளின் கடைசிப் பேருந்து மாலையிலேயே கிளம்பிவிடும், ஞாயிறுகளில் இன்னும் குறைவு. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாறையடியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது.

கிரேடு ஏன் இரண்டு விதமாக எழுதியிருக்கிறது?

ஒரு கயிறு நீள வழிகளுக்குப் பிரெஞ்சு கிரேடு, நீண்ட மலைவழிகளுக்குப் பெரும்பாலும் யுஐஏஏ (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) கிரேடு. யுஐஏஏ 6 என்றால் பிரெஞ்சில் ஏறக்குறைய 5சி. 7 என்றால் 6பி. 8 என்றால் 7ஏ. 9 என்றால் 7சி. எண் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. டோப்போவில் வெறும் '7' என்று இருந்தால் எந்த முறை என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். டிரோலின் க்ளைம்பர்ஸ் பாரடைஸ் தளத்தில் பல பாறைகளின் டோப்போக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கயிறு எத்தனை மீட்டர், குயிக்டிரா எத்தனை?

70 மீட்டர் ஒற்றைக் கயிறு, 9.5 முதல் 9.8 மி.மீ. தடிமன். உங்கள் பிலே கருவி அந்தத் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்று கருவியின் மேலேயே எழுதியிருக்கும். குயிக்டிரா (போல்ட்டில் கயிற்றை மாட்டும் இரட்டைக் கொக்கி) 14, உச்சிக்கு இரண்டு, ஆக 16. ஆளுக்கொரு ஹெல்மெட், ஏறுபவருக்கு மட்டுமல்ல, கீழே நிற்பவருக்கும். 120 செ.மீ. ஸ்லிங் (தைத்த நாடா வளையம்) ஒன்று, பூட்டும் கேரபினர் (உலோகக் கொக்கி) மூன்று.

70 மீட்டர் கயிற்றில் 35 மீட்டர் வழியிலிருந்து இறங்கலாம் என்பது காகிதக் கணக்கு. கயிறு பழகப் பழகச் சுருங்கும், முனையை வெட்டியிருப்போம், முடிச்சுக்கும் நீளம் போகும். 30 மீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகத்தோடே அணுகுங்கள். கயிற்றின் மறுமுனையில், ஏறத் தொடங்கும் முன்பே, ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இறக்கும்போது கயிற்றின் நுனி பிலே கருவி வழியே நழுவி ஆள் விழுவது மிகப் பழைய விபத்து, இன்றும் நடக்கிறது. பத்து விநாடி வேலை அதைத் தடுத்துவிடும்.

உச்சியில் மூடிய வளையம் மட்டும் இருக்கிறது. எப்படி இறங்குவது?

டிரோலில் பல இடங்களில் உச்சியில் கேரபினர் தொங்கும், கயிற்றை மாட்டி இறங்கலாம். மூடிய வளையமாக இருந்தால் கயிற்றை அதனுள் நுழைக்க வேண்டும். அதற்காகக் கயிற்றிலிருந்து முழுசாகக் கழன்றுகொள்ளக் கூடாது.

முதலில் ஸ்லிங்கையும் பூட்டும் கேரபினரையும் கொண்டு உங்களை உச்சியில் மாட்டிக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர் பிலேயை விடக் கூடாது. கொஞ்சம் கயிறு தளர்த்தச் சொல்லி, உங்கள் முடிச்சுக்குக் கீழே உள்ள கயிற்றை இரண்டாக மடித்து, அந்த மடிப்பை வளையத்துக்குள் தள்ளுங்கள். மறுபக்கம் வந்த மடிப்பில் எட்டு முடிச்சுப் போட்டு, அதைப் பூட்டும் கேரபினரால் ஹார்னஸின் (இடுப்புக் கச்சையின்) பிலே வளையத்தில் மாட்டிப் பூட்டுங்கள். கயிற்றை இறுக்கச் சொல்லி, ஸ்லிங் தளரும்வரை மேலிழுத்து, உங்கள் எடையைப் புதிய முடிச்சு தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கினால் மட்டும் பழைய முடிச்சை அவிழ்த்து, வாலை வளையத்திலிருந்து உருவுங்கள். கடைசியாக ஸ்லிங்கைக் கழற்றி, இறக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கணம்கூட நீங்கள் கயிறில்லாமல் இருப்பதில்லை. கயிறு கைதவறிக் கீழே போகவும் வழியில்லை. மடிப்பு நுழையாத அளவுக்கு வளையம் சிறியதாக இருந்தால் முறை வேறு. அதைத் தரையில், ஒரு மரத்தில் கட்டிப் பழகிவிட்டே வர வேண்டும்.

பக்கத்தில் ஏறுபவர்கள் கத்துவது புரியவில்லையே?

ஜெர்மன் சொற்கள் சில தெரிந்திருக்கட்டும். 'ட்சூ' என்றால் இறுக்கு. 'ஸைல்' என்றால் கயிறு தளர்த்து. 'ஆப்' என்றால் இறக்கு. 'ஷ்டாண்ட்' என்றால் மேலே என்னை மாட்டிக்கொண்டேன், பிலே போதும். 'நாக்கொம்மன்' என்றால் இரண்டாமவர் ஏறி வரலாம். 'ஷ்டைன்' என்றால் கல் விழுகிறது. அதைக் கேட்டதும் அண்ணாந்து பார்க்காதீர்கள். சுவரோடு ஒட்டி, தலையைக் குனியுங்கள்.

உங்கள் ஜோடிக்குள் தமிழிலேயே கத்தலாம், பக்கத்துக் கயிற்றின் குரலோடு குழம்பாது என்பதால் அது இன்னும் நல்லது. ஆனால் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். குறிப்பாக, மேலே போனவரைக் கீழிருப்பவர் இறக்குவாரா, இல்லை மேலே போனவர் தானே கயிற்றில் இறங்குவாரா என்பதை. ஒருவர் 'போதும்' என்றதை மற்றவர் 'பிலே போதும்' என்று எடுத்துக்கொண்டு கையை விட, மேலிருப்பவர் பின்னால் சாய, விபத்து நடந்துவிடுகிறது.

கூட ஏறுபவர் என்னைவிட இருபது கிலோ அதிகம். பரவாயில்லையா?

அப்படியே விடக் கூடாது. அவர் விழுந்தால் நீங்கள் பறந்துபோய் முதல் போல்ட்டில் மோதுவீர்கள், அவரும் எதிர்பார்த்ததைவிடக் கீழே வருவார். தரைக்கு அருகில் என்றால் தரையையே தொடுவார். முதல் போல்ட்டில் மாட்டி உராய்வைக் கூட்டும் எடெல்ரிட் ஓம் போன்ற கருவி உதவும். சுவரிலிருந்து தள்ளி நிற்காமல் முதல் போல்ட்டுக்கு நேர்கீழே சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். தானாகப் பிடிக்கும் பிலே கருவியே பயன்படுத்துங்கள், ஆனாலும் பிரேக் கை கயிற்றை விட்டு அகலக் கூடாது.

நீண்ட மல்டிபிட்ச் (பல கயிறு நீள) வழிகளுக்குப் போகலாமா?

இன்ஸ்ப்ரூக்குக்கு வடக்கே இருக்கும் கார்வெண்டல் மலைகளின் பாறை உடைசலுக்குப் பேர் போனது. போல்ட் அடித்த அடிவாரப் பாறையில் 6பி ஏறுபவர் இங்கே யுஐஏஏ 5 வழியில் திணறுவது இயல்பு: பிடி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும், வழியைக் கண்டுபிடிக்க வேண்டும், பழைய ஆணிகளை நம்பலாமா என்று தீர்மானிக்க வேண்டும். முதல் முறை என்றால் முழுக்க போல்ட் அடித்த நான்கைந்து பிட்ச் வழி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு 60 மீட்டர் ஹாஃப் கயிறு, ப்ரூசிக் கயிறு (முக்கியக் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சுக்கான மெல்லிய கயிறு), ஹெட்லேம்ப், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை. நிலையத்தை (ஒவ்வொரு பிட்ச்சின் முடிவிலும் மாட்டிக்கொண்டு பிலே செய்யும் இடத்தை) விட்டுக் கிளம்பியதும் முதல் போல்ட்டைச் சீக்கிரம் மாட்டுங்கள். அதற்குமுன் விழுந்தால் முழு அடியும் நிலையத்தில் இறங்கும். அதைவிடக் கடுமையான விழுகை லீடில் கிடையாது. கயிற்றில் இறங்கும்போது இரு முனையிலும் முடிச்சு, கருவிக்குக் கீழே ப்ரூசிக்.

முதல்முறை ஒரு நாளாவது யுஐஏஜிஎம் (சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பு) பேட்ஜ் அணிந்த சான்றளிக்கப்பட்ட மலை வழிகாட்டியோடு போவது பணத்துக்குத் தகும்.

கிளெட்டர்ஷ்டைக் எளிதுதானே?

இரும்புக் கயிறும் படியும் பதித்த பாதைதான் அது. ஏ முதல் இ வரை கடினம் கூடும். ஹாஃபெலேகாரிலிருந்து முகடு நெடுகப் போகும் இன்ஸ்ப்ரூக்கர் கிளெட்டர்ஷ்டைக் சி வகை. முழுசாக முடிக்க நாள் பிடிக்கும். நடுவில் லாங்கர் ஸாட்டெல் என்ற பள்ளத்தில் இறங்கிச் சேகுரூபே நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். 1,905 மீட்டரிலிருக்கும் சேகுரூபேயில் கடைசி ரோப் காரைத் தவறவிட்டால் 860 மீட்டரிலிருக்கும் ஹுங்கர்பூர்க் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் முழங்கால் வலிக்க இறங்க வேண்டும். மார்ட்டின்ஸ்வாண்டில் ஏறும் கைஸர் மாக்ஸ் வழி மிகக் கடினமானது, முதல் அனுபவத்துக்கு ஏற்றதல்ல.

அதிர்ச்சி தாங்கும் செட் கட்டாயம். சாதாரண ஸ்லிங்கால் மாட்டிக்கொண்டு போகக் கூடாது. ஏனென்றால் இரண்டு ஆணிகளுக்கு இடையே பல மீட்டர் சறுக்கி, ஒரு மீட்டர் ஸ்லிங் அத்தனையையும் ஒரே உதறலில் நிறுத்தும்; ஸ்லிங் அறுந்துபோகலாம். செட்கள் 40 முதல் 120 கிலோ வரைக்கானவை. குழந்தை 40 கிலோவுக்குக் குறைவு என்றால் கூடுதலாகக் கயிறு கட்டியே கூட்டிப் போக வேண்டும். ஒருமுறை விழுந்து தையல் கிழிந்த செட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

மழை பெய்தால்?

கிளெட்டர்ட்சென்ட்ரும் இன்ஸ்ப்ரூக். 2017இல் திறந்த மாபெரும் அரங்கம். 2018 உலகச் சாம்பியன்ஷிப் இந்த ஊரில் நடந்தபோது உள்ளூர்க்காரரான யாக்கோப் ஷூபெர்ட் லீடில் தங்கம் வென்றார். லீட், வேகம், போல்டரிங் (கயிறில்லாத தாழ்வான ஏற்றம்) எல்லாம் உண்டு. மழை நாளில் ஊர் முழுக்க அங்கேதான் வரும், ஆகவே காலையிலேயே போங்கள்.

இடி மின்னலை எப்படிக் கணிப்பது?

கோடையில் மதியத்துக்குப் பிறகு மலை மேல் மேகம் காலிஃபிளவர் மாதிரி திரளும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 விநாடிக்குள் என்றால் பத்து கிலோமீட்டருக்குள், அதாவது ஏற்கெனவே தாமதம். முகட்டிலும் இரும்புக் கயிற்றிலும் இருக்கக் கூடாது. மதியம் ஒரு மணிக்குள் கீழே இருக்கும்படி கணக்கிட்டு அதிகாலையில் தொடங்குங்கள்.

விசா, காப்பீடு?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விசாவுக்குக் காட்டும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை நம்பிப் பாறைக்குப் போகாதீர்கள், அவற்றில் பல பாறை ஏறுதலை ஒதுக்கியிருக்கும். விளையாட்டு விபத்துக்கு ஹெலிகாப்டர் வந்தால் செலவு உங்கள் தலையில், பல ஆயிரம் யூரோ. 1862இல் தொடங்கி இன்ஸ்ப்ரூக்கில் தலைமையகம் வைத்திருக்கும் ஆஸ்திரிய மலைச் சங்கமான அல்பென்வெரைனில் வெளிநாட்டவரும் உறுப்பினராகலாம். அதில் மீட்புக் காப்பீடும் மலைக் குடில்களில் தள்ளுபடியும் சேரும்.

மலை மீட்புக்கு 140, ஐரோப்பா முழுவதும் 112. சிக்னல் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்றாக வரும். ஹெலிகாப்டருக்கு உதவி வேண்டும் என்று காட்ட இரண்டு கைகளையும் மேலே விரித்து ஒய் வடிவில் நில்லுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கடைகள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மூடி, ஞாயிறு முழுக்கத் திறக்காது. சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து வருவது, தாராளமாகக் குடிக்கலாம். மலைக் குடிலில் காஸ்ப்ரெஸ்க்னோடல் என்ற சீஸ் உருண்டை கிடைக்கும். உருண்டை சைவம்தான், ஆனால் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த சூப்பில் மிதக்கவிட்டுத் தருவார்கள். 'மிட் ஸலாட்' என்று கேட்டால் சூப்பில்லாமல் சாலட்டோடு வரும்.